குகதாசன் ரொறன்ரோவுக்குப் புறப்பட்ட விதம்

ஐந்து மாதம் பனிக்குக் கீழே கிடந்த, கனடாவின் சஸ்கற்றூன் நகரத்தில் அந்த வருஷம் வெயில் வந்த முதல் நாள், மனிதர்கள் கோட்டைக் கழற்றினார்கள், கழுத்துச் சால்வையைக் கழற்றினார்கள், போட்டிருந்த இரண்டு சோடி காலுறைகளில் ஒன்றைக் கழற்றினார்கள், கன்றுக்குட்டி போலக் கனத்த பனிச் சப்பாத்துகளைக் கழற்றி வாசலில் வைத்தார்கள், வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள், நிமிர்ந்தவர்கள் நிமிர்ந்தபடியே ஒரு சாண் மேலே போய் அங்கேயே நின்றார்கள்.

ஒருவரும் கூச்சலிடவில்லை. எங்கள் நகரத்து ஆட்கள் கூச்சலிடுகிறவர்கள் அல்ல. மைனஸ் நாற்பதில் கண்ணிமை ஒட்டிக்கொண்டால் “இன்றைக்குக் கொஞ்சம் குளிர்தான்” என்று மற்றக் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர்கள், அன்றைக்கு “கொஞ்சம் இலேசாக இருக்கிறது, இல்லையா?” என்று வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொல்லிக்கொண்டு, நீந்துவதுபோலக் கையை வீசி வீசி வேலைக்குப் போனார்கள். வானொலியில் ஒரு பேராசிரியர் இதற்கான காரணத்தை விளக்கத் தொடங்கினார், ஆனால் ஹொக்கி ஆட்டத்தின் முடிவு வந்துவிட்டதால் அவரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள், பிறகு ஒருவரும் அவரைத் திரும்பக் கூப்பிடவில்லை.

கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருசிலர் போட்டுப் பார்த்தார்கள், கோட்டோடு சேர்ந்தே மிதந்தார்கள். அதுவும் இல்லாமல், இந்த ஊரில் ஒருமுறை கழற்றிய கோட்டை அடுத்த குளிர்காலம் வரைக்கும் தொடுவது மானப்பிரச்சினை. நடுவில் பனி கொட்டினாலும் அரைக்காற்சட்டையோடு நின்று பற்கள் கிட்டிக்க “வசந்தம்தானே” என்பார்கள்.

நாய்கள் மட்டும் மிதக்கவில்லை. அவை கோட்டைக் கழற்றுவதில்லை என்பதாலோ என்னவோ. ஆகவே அதுவரை மனிதர்கள் நாய்களை நடத்திப்போன தெருக்களில், அன்று மாலையிலிருந்து நாய்கள் மனிதர்களைப் பட்டம் போல இழுத்துப்போயின. மரத்தடியில் இரண்டு நாய்கள் ஒன்றையொன்று முகர்ந்துகொண்டு நிற்க, மேலே இரண்டு எசமான்களும் கயிற்று நுனியில் ஆடிக்கொண்டு உருளைக்கிழங்கு நடுவதைப்பற்றிப் பேசுவார்கள். பஸ்ஸில் சாரதி சடுதியாகப் பிரேக் போட்டால் பிரயாணிகள் எல்லோரும் கூரையோரமாக முன்னால் போய்ப் பஞ்சுபோலக் குவிந்து, மன்னிப்புக் கேட்டு, மன்னிப்புக் கேட்டதற்கும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த நிறுத்தத்தில் திரும்பவும் கலைவார்கள். தெற்கிலிருந்து திரும்பி வந்த வாத்துக்கூட்டங்கள்தான் மிகவும் எரிச்சலடைந்தன. தாழப் பறந்து வந்து, நடுவீதியில் மிதக்கும் ஆட்களைக் கண்டு, வேறு யாரோ தங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டதைப்போலச் சத்தம் போட்டன.

பிறகு பாரம் கட்டும் பழக்கம் வந்தது. ஆளுக்கு ஆள் கைக்குக் கிடைத்ததை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். பஞ்சாபி டாக்ஸிக்காரர்கள் பழைய கார் பட்டரியைக் கட்டினார்கள். பிலிப்பினோ தாதிமார் சாமான் வாங்கும்போது கிடைக்கும் பெரிய எண்ணெய்ப் போத்தல்களை இரண்டு தோளிலும் தொங்கவிட்டார்கள். இந்த ஊர்க்காரர்களிடம் கேர்லிங் கல் இருந்தது. பனித்தரையில் கைப்பிடி வைத்த கருங்கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் ஓடி ஓடித் துடைப்பத்தால் கூட்டுகிற ஒரு விளையாட்டு இங்கே உண்டு, அந்தக் கல் பையில் போட்டுத் தூக்க வாய்ப்பாக இருந்தது. நாங்கள் தமிழர், எங்களுக்கு அரிசி மூட்டை இருந்தது. நகரசபை ஒரு சுற்றறிக்கை விட்டது: வெளியே போகும்போது பாரம் கட்டவும், காற்று வீசினால் கம்பங்களைப் பிடிக்கவும், மேலே போய்விட்டவர்கள் மின்கம்பிகளைத் தொடாமல் பொறுமையாகக் காத்திருக்கவும்.

எங்கள் கோயில் ஒரு பழைய கம்பளக் கடையில் இருக்கிறது. அங்கே பிரதட்சணம் சுலபமாகிவிட்டது, விழுந்து கும்பிடுவதுதான் கஷ்டமாகிவிட்டது, எவ்வளவு முயன்றாலும் நெற்றி நிலத்தில் படாது. உடம்பு நிலத்துக்கு நேராக இருந்தால் எந்த உயரத்திலும் அது நமஸ்காரம்தான் என்று ஐயர் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தைரியத்தில் ஒருவர் அங்கப்பிரதட்சணம் தொடங்கி, காற்றில் உருளத் தொடங்கியபின் நிற்க முடியாமல், நேர்ந்துகொண்டதற்கு அதிகமாகவே உருண்டு, கடைசியில் தூக்குவிளக்கைப் பிடித்துத்தான் நின்றார். சித்திரை வருஷப்பிறப்புக்கு எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பொங்கிய பொங்கல் மட்டும் எப்போதும்போலப் பாரமாக இருந்தது; சாப்பிட்டவர்கள் நாலு விரல் தாழ்ந்தார்கள் என்று அதைப் பொங்கியவர் இன்றுவரைக்கும் சொல்லிக்கொள்கிறார்.

காற்றுத்தான் சிக்கல். இது சமவெளி. மலை இல்லை, மேடு இல்லை, ஓடிப்போன நாயை மூன்று நாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று இங்கே பகிடி சொல்வார்கள். மேற்கே மலைகளில் புறப்படும் காற்றுக்கு எங்கள் நகரத்தைத் தாண்டி அடுத்த மாகாணமான மனிற்றோபா வரைக்கும் தடுக்கி விழ ஒரு கல்கூடக் கிடையாது. பாரம் இல்லாதவனைக் கண்டால் அது விடாது.

இனிக் குகதாசனுடைய கதை.

குகதாசன் பண்ணை இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் வெல்டர். மனைவி சாந்தரூபி முதியோர் இல்லமொன்றில் சமையல் பகுதியில் வேலை. நகரத்தின் கிழக்கு விளிம்பில், கடைசித் தெருவில், கடைசி வீடு அவர்களுடையது. பின்வேலிக்கு அப்பால் வயல்தான். பிள்ளைகள் இல்லை. வந்து ஆறேழு வருஷமாகிவிட்டது. ரூபி வந்த இரண்டாம் குளிர்காலமே பக்கத்து வீட்டு டாரிஸோடு போய்க் கேர்லிங் குழுவில் சேர்ந்துவிட்டாள். “வீட்டில கூட்டினது காணாதெண்டு ஐஸிலையும் கூட்டப் போறா” என்று குகதாசன் சங்கத்தில் சொல்லித் திரிந்தார். ஆனால் அவருக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. வேலை, வீடு, சனிக்கிழமை கோயில், மற்ற நேரமெல்லாம் சாளரத்தடியில் இருந்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் கிருபாகரனோடு தொலைபேசி. ரொறன்ரோவில் கொத்துரொட்டி தெருவுக்குத் தெரு கிடைக்கிறது, ரொறன்ரோவில் பங்குனியிலேயே பூ பூத்துவிட்டது, ரொறன்ரோவில் வெளியே இறங்கினால் நாலு பேர் “அண்ணை, என்ன பாடு?” என்று கேட்கிறார்கள். மாசி மாதத்தில் ஒருநாள் வேலையால் வரப் பிந்திவிட்டது. மீசையில் ஐஸ் தொங்க வந்தவர், பஸ் பிந்தினது என்று மட்டும் சொல்லிவிட்டு, அன்றிலிருந்து வாய் திறந்தால் ரொறன்ரோ என்றானார். ரூபி வாய் திறந்தால் “நான் வரமாட்டன்” என்றாள். பனி உருகி, ஊர் மிதக்கத் தொடங்கியபோது, இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசாமல் கூரையைப் பார்த்தபடி ஒரே வீட்டுக்குள் மிதந்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை காலை பின்வளவில் ரூபி கயிற்றில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள், இடுப்பில் அம்மிக்குழவி. குகதாசன் தோளில் சம்பா அரிசி மூட்டையோடு வெளியே வந்தார். எதில் தொடங்கியது என்பதில் இருவரும் இன்றுவரைக்கும் ஒத்துப்போவதில்லை. ரூபி சொல்வது, தேத்தண்ணிக்குச் சீனி காணாதென்று அவர் தொடங்கினார் என்று. எப்படியோ சீனியிலிருந்து அது ரொறன்ரோவுக்கு வந்துவிட்டது.

“நீ வராட்டில் இரு. நான் போறன்!” என்றார் குகதாசன். எந்நேரமும் ‘நீர்’ என்று மனைவியை மரியாதையாகக் கூப்பிடுகிற மனிதர், கோபம் வந்தால் மட்டும்தான் ‘நீ’.

“போங்கோவன். ஆர் மறிச்சது?”

“இப்பவே போறன்!”

சொன்னதோடு நிற்காமல், சொன்ன சொல்லுக்கு ஒரு கனம் இருக்கவேண்டும் என்று, தோளில் இருந்த அரிசி மூட்டையைத் தூக்கித் தொம்மென்று நிலத்தில் அடித்தார். மூட்டை நிலத்தில் இருந்தது. அவர் இல்லை. வேலிக்கு மேலால், உள்ளாடைகள் காயும் கயிற்றுக்கு மேலால், முகத்தில் அந்தக் கோபம் இன்னும் மாறாமலே, நின்ற நிலையில், கைகட்டியபடி, குகதாசன் கிழக்கே போய்க்கொண்டிருந்தார்.

ரூபி சிறிது நேரம் அவர் வேண்டுமென்றே போகிறார் என்றே நினைத்தாள். பிறகுதான் அவர் கையைக் கட்டவிழ்த்து வாத்துபோல அடிக்கத் தொடங்கியதைக் கண்டாள்.

“டாரிஸ்! டாரிஸ்! என்ரை மனுசன் போறார்!”

டாரிஸ் பாடசாலை பஸ் ஓட்டுகிறவள், அறுபதுக்குக் கிட்ட வயது, எதற்கும் அவசரப்படாத பெரிய உடம்புக்காரி. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“எங்கே போகிறார்?”

“ரொறன்ரோவுக்கு!”

டாரிஸ் விரலை நக்கிக் காற்றில் பிடித்துப் பார்த்தாள். “இந்தக் காற்று நின்றுவிடாவிட்டால் செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிடுவார்” என்றாள். பிறகு ரூபியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிக்கப் லொறியின் சாவியை எடுத்தாள், உடுப்புக் கயிற்றை அப்படியே அறுத்தெடுத்தாள், தன்னுடைய நாயைக் கூப்பிட்டாள். அந்த நாய் கறுத்த, சடைத்த, கிட்டத்தட்ட ஒரு மாட்டின் பருமனுள்ள நாய். பெயர் டிராக்டர். டிராக்டர் பின்பெட்டியில் ஏறியதும் லொறி பின்பக்கமாக ஒருமுறை தாழ்ந்தது.

வயல்களுக்கு நடுவே சரளைக்கல் வீதிகள் கோடு போட்டதுபோல நேராகப் போகும். குகதாசனும் அதற்குச் சமாந்தரமாக, வேலிக்கு அப்பால், போன வருஷத்து அறுவடைத் தாள்களுக்கு மேலே ஒரு பனையின் கால்வாசி உயரத்தில் போய்க்கொண்டிருந்தார். டாரிஸ் சைக்கிள் வேகத்தில் லொறியை அவருக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். ரூபி சாளரத்தை இறக்கினாள்.

“இறங்குங்கோ!”

“எப்பிடி இறங்கிறது? நீர் என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?”

“ஏறத் தெரிஞ்ச உங்களுக்கு இறங்கத் தெரியாதோ? மூட்டையை ஆர் எறியச் சொன்னது?”

“ஆர் எறியப் பண்ணினது? காலம விடிஞ்சா சண்டை! மாசியில இருந்து ஒரு நல்ல கதை உண்டோ? உமக்கு உம்மடை கல்லும் துடைப்பமும். நான் இருக்கிறனோ செத்தனோ எண்டு ஒரு சீவன் கேட்டிருக்கோ இந்த ஊரில? ஒரு சீவன்!” இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் காற்று அவரை ஒருமுறை தலைகீழாகப் புரட்டி நிமிர்த்திவிட்டது, ஆனால் அவர் பேச்சை நிறுத்தவில்லை.

“என்ன சொல்கிறார்?” என்று கேட்டாள் டாரிஸ்.

“நலமாக இருக்கிறாராம்” என்றாள் ரூபி.

வழியில் ஒரு விவசாயி விதைப்பு இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு நின்றான். தலைக்கு மேலே ஒரு மனிதர் வருவதைக் கண்டு தொப்பியைத் தூக்கி, “எப்படி இருக்கிறீர்கள்? உதவி ஏதும் வேண்டுமா?” என்று கேட்டான். பக்கத்தில் ஏணி இருந்தது, கை நீட்டினால் பிடித்திருப்பான். குகதாசன் சிரித்த முகத்தோடு, ஆங்கிலத்தில், “நோ, நோ, ஐ ஆம் ஃபைன், தாங்க் யூ!” என்று சொல்லிக்கொண்டு தாண்டிப் போனார்.

ரூபிக்கு வாய் அடைத்துவிட்டது.

அடுத்த சந்தியில் இரண்டு பெண்கள் தபால்பெட்டியடியில் நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பில் கேர்லிங் கல், கையில் நீளமான மண்வாரி. “நீங்கள் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்?” என்றாள். “வெரி குட், வெரி குட்! நைஸ் டே!” என்றார் குகதாசன். அதற்கப்பால் ஒரு வீட்டில் கூரை வேய்ந்துகொண்டிருந்தவர்கள், கூரைக்குச் சமமான உயரத்தில் அவர் வரக் கண்டு, ஒரு கயிற்றையே நீட்டினார்கள். “உங்களுக்கு ஏன் வீண் சிரமம்” என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று அவர் யோசித்து முடிப்பதற்குள் கூரை பின்னால் போய்விட்டது.

இப்போது ரூபிக்கு வாய் திறந்தது.

“எனக்கு இப்பதான் விளங்குது! கேட்டவை எல்லாருக்கும் ஃபைன், ஃபைன் எண்டு சொல்லிப்போட்டு, வீட்டை வந்து ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு அழுறது! அந்த மனிசன் ஏணியோட நிண்டான்! ஏணியோட!”

“அது அவையள் சும்மா கேக்கிறது. இந்த ஊர்ப் பழக்கம்.”

“சும்மாவோ இல்லையோ, ஒருக்காச் சொல்லிப் பார்த்தனீங்களோ? மாசியில பஸ் பிந்தினது எண்டீங்கள், அண்டைக்கு என்ன நடந்தது? உண்மையாய்ச் சொல்லுங்கோ, இல்லாட்டி நான் லொறியைத் திருப்பச் சொல்லுவன்.”

குகதாசன் குனிந்து பார்த்தார். கீழே பனி உருகிய தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக மின்னிக்கொண்டு போனது.

“பஸ்ஸிலை வரேல்லை” என்றார். “கார் ஸ்டார்ட் வரேல்லை. கடைசி பஸ்ஸும் போட்டுது. நான் நடந்து வந்தனான்.”

“அந்தக் குளிருக்கையோ? ஆரையும் கூப்பிடேல்லையோ?”

“ஆரை?”

டாரிஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை.

அப்போதுதான் முன்னால் வீதி முடிவதை டாரிஸ் கண்டாள். வீதி அங்கே வலப்பக்கம் திரும்பியது. நேரே இருந்தது பனி உருகி நிரம்பிய ஒரு பெரிய சதுப்பு, மறுகரை தெரியாத தண்ணீர், அதன்மேல் நூற்றுக்கணக்கில் வாத்துகள். காற்றும் வலுத்திருந்தது. குகதாசன் தண்ணீரைத் தாண்டிவிட்டால் பிறகு லொறியால் பிடிக்கமுடியாது. ரூபி உடுப்புக் கயிற்றைச் சுழற்றி எறிந்தாள்; அதில் இன்னும் கவ்வியிருந்த ஒரு காலுறை மட்டும் அவர் முகத்தில் அடித்துவிட்டுத் திரும்பி வந்தது.

சதுப்பின் கரையில் ஒரு வயதான விவசாயி, தொடைவரைக்கும் உயர்ந்த றப்பர் சப்பாத்துகளுக்குள் பாரத்துக்காகத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, நீண்ட கொக்கித் தடியொன்றால் மதகில் அடைத்திருந்த ஐஸைக் குத்திக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

“காலை வணக்கம்!” என்றார். “எப்படிப் போகிறது? எல்லாம் நலம்தானே?”

குகதாசனுடைய வாய் தானாகவே ஃபைன் என்ற சொல்லுக்குத் தயாராகிவிட்டது. அது ரூபிக்கு லொறியிலிருந்தே தெரிந்தது.

“இல்லை எண்டு சொல்லுங்கோ!” என்று கத்தினாள். “குகன், இல்லை எண்டு சொல்லுங்கோ!” கலியாணமான இத்தனை வருஷத்தில் அவள் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

குகதாசன் வாயை மூடினார். திறந்தார். பிறகு வயல் முழுதும் கேட்க, “நோ! ஐ ஆம் நாட் ஃபைன்! ஐ ஆம் நாட் ஃபைன் அற் ஆல்!” என்று கூவினார். அத்தனை வாத்தும் ஒரேயடியாகக் கிளம்பின.

“அப்படியா, அதை முதலே சொல்லியிருக்கலாமே” என்று சொல்லிக்கொண்டே அந்த விவசாயி கொக்கித் தடியை நீட்டி அவருடைய இடுப்புப் பட்டியில் மாட்டினார். மாட்டியது நன்றாகத்தான் மாட்டியது. ஆனால் காற்று இழுத்த இழுப்பில் விவசாயி தண்ணீர் நிரம்பிய தன்னுடைய சப்பாத்துகளை விட்டு உருவிக்கொண்டு வெறும் காலுறைகளோடு மேலே வந்துவிட்டார். ரூபி லொறியிலிருந்து பாய்ந்து விவசாயியின் காலைப் பிடித்தாள். அவசரத்தில் குழவியை ஆசனத்திலேயே விட்டுவிட்டதால் அவளும் கிளம்பினாள். டாரிஸ் லொறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து ரூபியின் காலைப் பிடித்தாள். டாரிஸ் பெரிய உடம்புக்காரிதான், இருந்தும் அந்த வசந்தத்தில் அவளும் மற்றவர்களைப்போல ஒரு சாண் ஆள்தான். கடைசியாக டாரிஸின் கையில் இருந்தது, அவளுக்குப் பின்னால் லொறியிலிருந்து குதித்த டிராக்டரின் கழுத்துக் கயிறு.

டிராக்டர் நின்றது. நாலு பேரும் அதன் தலைக்கு மேலே, ஒருவர் காலை ஒருவர் பிடித்தபடி, தண்ணீருக்கு மேலாகச் சரிந்து நின்று படபடத்தார்கள். இது எவ்வளவு நேரம் நீடித்திருக்குமோ தெரியாது, ஆனால் அந்த நேரம் பார்த்துப் பின்பக்கத்து வயலில், குளிர்காலம் முழுவதும் வளைக்குள் கிடந்த ஒரு கோபர், அணிலைவிடக் கொஞ்சம் கொழுத்த ஒரு பிராணி அது, வெயிலைப் பார்க்கத் தலையை வெளியே நீட்டி, இரண்டு காலில் நிமிர்ந்து நின்று, ‘கீச்’ என்றது. டிராக்டர் திரும்பியது. அப்புறம் டிராக்டர் ஓடியது. காற்றுக்கு எதிராக, வயலுக்குக் குறுக்காக, ஒரு வளையிலிருந்து இன்னொரு வளைக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு, நாலு மனிதர்களையும் வாலாகப் பறக்கவிட்டுக்கொண்டு அது ஓடிய ஓட்டத்தை அந்தப் பகுதியில் எல்லோரும் வாசலில் நின்று பார்த்தார்கள், ஏனென்றால் பார்ப்பதற்குத் தடையாக அங்கே எதுவும் இல்லை. கடைசிக் கோபர் அந்த விவசாயியின் களஞ்சியத்துக்கு அடியில் புகுந்துகொண்டது. டிராக்டர் களஞ்சியத்தடியில் படுத்து மண்ணைக் கிளறத் தொடங்க, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் வந்து சுவரில் மோதி, தாழ்வாரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

விவசாயியின் பெயர் லாய்ட். மனைவி மார்ஜ். அவர்களுடைய குசினியில் கதிரைகளின் குறுக்குச் சட்டத்தில் காலைக் கொழுவிக்கொண்டு எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். மார்ஜ் உருளைக்கிழங்கு அடைத்த பெறோகிகளை, நம்முடைய கொழுக்கட்டைபோல இருக்கும், தட்டம் தட்டமாக வைத்தாள். கயிறு நீட்டிய கூரைக்காரர்களும், மண்வாரியோடு நின்ற பெண்களும், ஏணிக்காரனும் அவரவர் பாரத்தோடு வந்து சேர்ந்துவிட்டார்கள், என்ன ஆயிற்று என்று பார்க்க.

“இப்போது எப்படி இருக்கிறீர்கள்?” என்றாள் மார்ஜ்.

குகதாசன் சொல்லத் தொடங்கினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் எடுத்து, கார் கிளம்பாததில் தொடங்கி, பாலத்தில் காற்று அறைந்தது, மீசை உறைந்தது, முழங்கால் இன்னும் குளிருக்கு நோகிறது, தொழிற்சாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் ஹொக்கி பேசுகிறார்கள், தனக்கு ஹொக்கி விளங்கவில்லை, விளங்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, எல்லாவற்றையும் சொன்னார். இடையில் மார்ஜ் இரண்டு தடவை தட்டத்தை நிரப்பினாள்.

“மைனஸ் நாற்பதில் நடந்தீர்களா?” என்றார் லாய்ட். “ஒருவரையும் கூப்பிடாமலா?”

“ஒருவரையும் தெரியாது.”

ஏணிக்காரன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான். டாரிஸ் சிவந்துபோய், “நான் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறேன்” என்றாள், சத்தமே இல்லாமல். பிறகு கூரைக்காரரில் ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உண்மையில் ஹொக்கியில் ஓஃப்சைட் என்கிற விதி என்னவென்று தனக்கும் முழுதாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அதை விளக்கப் போய் மற்றவர்கள் பெறோகிகளை மேசையில் அடுக்கி, சண்டை பிடித்து, சில வீரர்களைத் தின்றும்விட்டார்கள்.

திரும்பி வரும்போது பிக்கப்பில் மூவரும் முன்னாசனத்தில் நெருங்கி இருந்தார்கள், மடிமேல் மார்ஜ் கொடுத்துவிட்ட, பெரிப் பழம் உள்ளே வைத்துச் சுட்ட ‘பை’ என்கிற பலகாரம்.

“ரூபி” என்றார் குகதாசன். “ஒண்டு சொல்லவேணும். நீர் கோவிக்கக்கூடாது. நான் கிருபாவுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். ஆனியிலை வாறம் எண்டு. உம்மட்டைக் கேக்காமல்.”

“தெரியும்.”

“தெரியுமோ?”

“நான் அவனுக்கு இல்லை எண்டு சொல்லிப்போட்டன்.”

“எப்ப?”

“நீங்கள் ஃபோனை வைச்சிட்டுக் குளிக்கப் போன உடனை.”

குகதாசனுக்குக் கோபம் வந்தது. எழுந்து நிற்க முயன்று, தலை லொறிக் கூரையில் இடித்து, திரும்ப இருந்தார். ‘நீ’ என்று தொடங்கினார், ஆனால் வயிறு முட்டப் பெறோகி இருந்ததால் கோபத்துக்கு உள்ளே இடம் போதவில்லை; அது சிரிப்பாக வெளியே வந்தது. ரூபியும் சிரித்தாள். என்ன விஷயம் என்று டாரிஸ் கேட்டபோது, ரூபி சீனியிலிருந்து தொடங்கி ஒன்று விடாமல் மொழிபெயர்த்தாள். டாரிஸ் லொறியை ஓரமாக நிறுத்தவேண்டி வந்தது.

சிரித்து முடிந்தபின் ரூபி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அண்டைக்கு மீசையிலை ஐஸோட நிண்டனீங்கள். நான் கேட்டிருக்க வேணும். எனக்குக் கேர்லிங் மட்ச்சுக்கு நேரமாச்சு எண்டு ஓடிட்டன்.”

“நான் சொல்லியிருக்க வேணும்.”

“வாற வருஷமும் போகத்தான் வேணும் எண்டால் சொல்லுங்கோ. ரெண்டு பேருமாப் போவம். தரையாலை.”

குகதாசன் சாளரத்துக்கு வெளியே பார்த்தபடி, “அந்த ஏணிக்காரன் நல்ல பெடியன்” என்றார்.

வைகாசி நடுவில் முதல் மழை வந்தது. இலைகள் விரிந்தன, நுளம்புகள் வந்தன, நகரம் முழுவதும் மக்கள் அவரவர் நின்ற இடத்திலேயே, தண்ணீர் குடித்த பஞ்சுபோல, மெல்ல மெல்லக் கீழே இறங்கினார்கள். வங்கி வாசலில் இறங்கினார்கள், பாலத்தின் நடுவில் இறங்கினார்கள், ஒருவர் ஐயரின் மடியில் இறங்கினார். “கொஞ்சம் பாரமாக இருக்கிறது, இல்லையா?” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

குகதாசன் அந்த நேரம் பின்வளவில், டாரிஸோடு வேலிக்கு மேலால் ஓஃப்சைட்டைப்பற்றித் தர்க்கித்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கிய இடம், ரூபி அன்று காலை மண் கொத்தி, வரம்பு கட்டி, மிளகாய்க் கன்று நட்டிருந்த பாத்தி. இரண்டு காலும் கணுக்கால்வரைக்கும் ஈர மண்ணுக்குள் போயின.

“ஐயோ, என்ரை கண்டுகள்! காலை எடுங்கோ!” என்று கத்திக்கொண்டு குசினியிலிருந்து ரூபி ஓடிவந்தாள், அவளும் அப்போதுதான் இறங்கியிருந்ததால் ஒவ்வொரு அடியும் தொம் தொம் என்று விழுந்தது.

குகதாசன் மழையில் நனைந்துகொண்டு தன் கால்களைப் பார்த்தார். வலது காலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். சேறு விரல்களுக்கு நடுவால் குளிர்ச்சியாக ஏறியது.

“கொஞ்சம் பொறும், ரூபி” என்றார். “இப்பதானே வந்தனான்.”